புல்லட் 350: இரும்பு போர் முதல் ஜே சீரிஸ் வரை, எதை வாங்கலாம்?

புல்லட் வாங்கப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், முதலில் கேட்க வேண்டியது எந்த எஞ்சின் என்பதைத்தான். டேங்க், ஒரே துண்டான நீள சீட், ஹெட்லைட்டுக்கு மேலே புலிக்கண் மாதிரி இருக்கும் இரண்டு குட்டி விளக்குகள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே இருப்பது வேறு வேறு வண்டி. ஒன்றுக்குப் பழகிய கை இன்னொன்றில் தடுமாறும்.

புல்லட் என்ற பெயர் 1932-லேயே இங்கிலாந்தில் வந்துவிட்டது. 1955-ல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் 350 உருவாக ஆரம்பித்தது. இங்கிலாந்தில் ரெட்டிச் ஊரில் இருந்த தாய்க் கம்பெனி ராயல் என்ஃபீல்டு மூடிய பிறகும் இங்கே உற்பத்தி நிற்கவில்லை. 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 346 சிசி. இந்தக் கணக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் மாறவே இல்லை. ஸ்ட்ரோக் நீளம், ஃப்ளைவீல் கனம். அதனால்தான் டாப் கியரில் 35 கி.மீ. வேகத்திலும் திணறாமல் இழுக்கும். அந்தச் சத்தமும் அதனால் வருவதுதான்.

முதலில் இரும்பு போர் வண்டி, அதாவது சிலிண்டர் வார்ப்பிரும்பில் ஆன பழைய வண்டி. கியர் வலது காலில், பிரேக் இடது காலில், நான்கு கியர். கியர்பாக்ஸ் எஞ்சினுக்குப் பின்னால் தனியாக நிற்கும். 60, 65-ல் ஓட்டினால் நாள் முழுக்க ஓடும். 80-க்கு மேல் விடாமல் விரட்டினால் அதிர்விலேயே நட்டு போல்ட் கழன்று விழும்.

கிக்கரை மிதிக்க பலம் வேண்டும் என்பது தப்பு. முறை தெரிந்தால் போதும். சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அமுக்கினால் ஆம்பியர் மீட்டர் முள் மைனஸ் பக்கம் ஆடும். முள் நடுவுக்குத் திரும்பி நிற்கும் இடத்தில் பாயின்ட் (ஸ்பார்க்கை உண்டாக்கும் தொடுமுனை) திறந்திருக்கிறது. அங்கே சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் லீவரான டிகம்ப்ரஸரைப் பிடித்துக் கிக்கரை இன்னும் கொஞ்சம் நகர்த்தி, டிகம்ப்ரஸரை விட்டுவிட்டு, கிக்கர் மேலே வந்ததும் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஒரே மிதி. இதைச் செய்யாமல் மிதித்தால் பிஸ்டன் பாதி வழியில் திருப்பி அடிக்கும்; கணுக்கால் போகும்.

இந்த வண்டியில் ஆளை ஏமாற்றுவது ஆயில் அளவு. ஆயில் டேங்க் கிராங்க் கேஸோடு சேர்ந்தே வார்த்தது. ஒரு பம்ப் அனுப்பும், இன்னொரு பம்ப் திருப்பி எடுக்கும். பத்து நாள் நிறுத்தி வைத்தால், தேய்ந்த பம்ப் வழியாக ஆயில் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கில் குறைவாகத் தெரிகிறதே என்று அரை லிட்டர் ஊற்றினால் அவ்வளவுதான், கிளப்பியதும், எஞ்சினுக்குள் சேரும் அழுத்தத்தை வெளியே விடும் பிரீதர் குழாயில் வழிந்து பின் டயர் வரை நனைக்கும். ஆகவே ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, அதன் பிறகுதான் டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். பிரீதர் முனையில் வாத்து மூக்கு மாதிரி ஒரு ரப்பர் வால்வு இருக்கும். அது கிழிந்துவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி எல்லா கேஸ்கட்டிலும் ஆயில் கசியும். "புல்லட்டுன்னா ஆயில் ஒழுகத்தான் செய்யும்" என்று மெக்கானிக் சொன்னால், முதலில் அந்த ரப்பரை மாற்றச் சொல்லுங்கள்.

டேப்பெட் வைப்பதற்கு, அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்வதற்கு, அளவுத் தகடான ஃபீலர் கேஜ் தேவையில்லை. வலது பக்கம் ஒரே நட்டில் நிற்கும் சின்ன மூடியைக் கழற்றினால் வால்வுகளை இயக்கும் கம்பிகளான இரண்டு புஷ்ராடும் தெரியும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரஷனில் உச்சியில் நிற்க வேண்டும். புஷ்ராட் விரலால் உருட்டினால் சுற்ற வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. இறுக்கி வைத்தால் சூட்டில் வால்வு முழுசாக மூடாமல் எக்ஸாஸ்ட் வால்வு கருகும். பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இந்த இரண்டையும் தானே செய்யத் தெரிந்தவருக்கு இரும்பு போர் வண்டி தங்கம். தெரியாமல், கற்றுக்கொள்ளும் பொறுமையும் இல்லாமல் வாங்கினால் மாதம் இரண்டு தடவை மெக்கானிக் கடையில்தான் நிற்க வேண்டும்.

நடுவில் வந்த ஏவிஎல் லீன் பர்ன் (பெட்ரோல் குறைந்த கலவையில் எரியும்) எஞ்சின் அலுமினியம். நன்றாகவே ஓடும். ஆனால் அதற்கென்றே உள்ள பாகங்களைத் தேடி அலைய வேண்டியிருப்பதால் பழைய வண்டியாக வாங்க நான் சொல்ல மாட்டேன்.

அடுத்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே உடலான யுசிஇ (யூனிட் கன்ஸ்ட்ரக்ஷன் எஞ்சின்). 346 சிசி, 19.8 குதிரைத்திறன், 28 நியூட்டன் மீட்டர், இரண்டு ஸ்பார்க் பிளக், இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட். கியர் இடது காலுக்கு வந்துவிட்டது. ஆயில் ஒழுகல் பெரும்பாலும் ஒழிந்தது. இதன் பலவீனம் ஸ்ப்ராக் கிளட்ச், அதாவது செல்ஃப் மோட்டாரின் சுழற்சியை எஞ்சினுக்குக் கொடுக்கும், ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் கிளட்ச். பேட்டரி இறங்கிய நிலையில் செல்ஃபை அமுக்கினால் எஞ்சின் பாதி சுற்றி எதிராக உதைக்கும். அந்த அடி முழுக்க ஸ்ப்ராக்கில் விழும். பழையது பார்க்கப் போகும்போது எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினில் செல்ஃப் அமுக்கும்போது 'டங்' என்று இரும்பு மோதும் சத்தம் கேட்டால் இடது கவரைப் பிரித்து மாற்றும் செலவை விலையில் கழிக்க வேண்டும். வாங்கிய பிறகு, பேட்டரி மந்தமாக இருந்தால் கிக்கரைப் பயன்படுத்துங்கள். அது சும்மா அழகுக்கு இல்லை. 2020-ல் பிஎஸ் 6 புகை விதிக்காக ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்தது.

2023 செப்டம்பரில் வந்த ஜே சீரிஸ் புல்லட் அடிமுதல் புதிது. 72 மி.மீ. போர், 85.8 மி.மீ. ஸ்ட்ரோக், 349 சிசி, 20.2 குதிரைத்திறன், 27 நியூட்டன் மீட்டர். புஷ்ராட் போய், வால்வைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் சிலிண்டர் ஹெட்டுக்கு ஏறிவிட்டது. உள்ளே அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸர் ஷாஃப்ட் இருப்பதால் 90-லும் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி கலங்காமல் தெரியும். ஃப்ரேமும் புதிது, வளைவில் பழைய வண்டி மாதிரி பின்பக்கம் நெளியாது. 195 கிலோ எடை தள்ளும்போது தெரியும், ஓட ஆரம்பித்தால் தெரியாது. சத்தம் மென்மையாகிவிட்டது என்ற குறை நியாயமானதுதான், ஆனாலும் தினமும் ஓட்ட இதைவிட நல்ல புல்லட் வந்ததில்லை.

கிக்கர் கிடையாது. இன்ஜெக்ஷன் வண்டி என்பதால் பேட்டரி முழுசாகச் செத்தால் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் நடக்காது. வாரக்கணக்கில் நிறுத்துவதானால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். வந்தபோது மலிவான மிலிட்டரி நிறங்களில் பின்னால் டிரம் பிரேக்கும், முன் சக்கரத்துக்கு மட்டும் வேலை செய்யும் ஒற்றைச் சேனல் ஏபிஎஸ்ஸும்தான் இருந்தன. கூடுதல் பணம் கொடுத்தாலும் பின்னால் டிஸ்க், இரட்டைச் சேனல் உள்ள ஸ்டாண்டர்டு வகையையே எடுங்கள். அந்த ஸ்டாண்டர்டு டேங்கில் கையால் இழுத்த தங்கக் கோடும் இருக்கிறது.