நெடுஞ்சாலையோரத்து ஊராட்சி ஒன்றின் சாலைப் பாதுகாப்புப் பணி: ஒரு குடியிருப்பாளரின் மதிப்பீடு

திருப்பூர் மாவட்டம் தாராபுரம் வட்டாரத்தில், மாநில நெடுஞ்சாலை ஊரின் நடுவே செல்லும் ஒரு கிராம ஊராட்சியில் குடியிருக்கிறேன். பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் சாலைக்கு மேற்கே இருக்கின்றன. வீடுகளில் பாதியும் மாரியம்மன் கோயிலும் கிழக்கே இருக்கின்றன. சாலையைக் கடக்காமல் இங்கே ஒரு நாளைக் கழிக்க முடியாது. வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் செலுத்தி ஊராட்சியின் சேவையைப் பெறுகிறவன் என்ற முறையில், சாலைப் பாதுகாப்புக்காக அது கடந்த சில ஆண்டுகளில் செய்தவற்றையும் செய்யத் தவறியவற்றையும் எழுதுகிறேன். இதே நிலையில் உள்ள பிற ஊர்க்காரர்கள் தங்கள் ஊராட்சியிடம் எதைக் கேட்கலாம், எப்படிக் கேட்கலாம் என்று முடிவு செய்ய இது உதவும் என்று நம்புகிறேன்.

விடியற்காலையிலேயே பனியன் கம்பெனி வேன்கள் ஆள் ஏற்றத் தொடங்கிவிடும். அவற்றை அடுத்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர் லாரிகள், பள்ளிப் பேருந்துகள், சில நாட்களில் காற்றாலை இறக்கையைச் சுமந்து ஊரையே அடைத்துக்கொண்டு ஊர்ந்து செல்லும் நீளமான வண்டிகள் என்று இரவு வரை ஓய்வில்லை. மத்திய அரசின் கணக்குப்படி 2022-இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. 17,884 பேர் உயிரிழந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான். நாடு முழுவதும் விபத்தில் இறந்தவர்களில் ஏறத்தாழ 68 விழுக்காட்டினர் ஊரகப் பகுதிகளில் இறந்தவர்கள் என்பதையும் அதே கணக்கு சொல்கிறது. ஆகவே சாலைப் பாதுகாப்பு என்பது நகரத்துச் சிக்னல்களோடு முடிந்துவிடும் விஷயமன்று.

ஊராட்சியை மதிப்பிடும்போது அதன் அதிகாரத்தின் எல்லையையும் மனத்தில் கொள்ள வேண்டும். 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி ஊருக்குள் இருக்கும் சாலைகளைப் பராமரிப்பது, பொது இடங்களில் விளக்கு அமைப்பது, வடிகால் கட்டுவது ஆகியவை கிராம ஊராட்சியின் கடமைகள். மாநில நெடுஞ்சாலையோ நெடுஞ்சாலைத் துறையுடையது. அதில் ஒரு கோடு போடுவதற்குக்கூட ஊராட்சித் தலைவருக்கு அதிகாரமில்லை, துறைக்கு எழுதத்தான் முடியும். எனவே தன் கையில் இருந்ததை ஊராட்சி எப்படிச் செய்தது, தன் கையில் இல்லாததற்கு எவ்வளவு விடாப்பிடியாக வாதாடியது என்ற இரண்டையும் நான் தனித்தனியாகவே பார்க்கிறேன்.

முதலாவதில் எனக்குப் பெரும்பாலும் மனநிறைவுதான். கிராம சபைக் கூட்டங்கள் ஆண்டுக்கு நான்கிலிருந்து ஆறாக உயர்த்தப்பட்ட 2022-இல், ஒரு கூட்டத்தில் கிழக்குத் தெருப் பாட்டி ஒருவர் எழுந்து, "கம்பத்துல ஒரு லைட்டு போட்டுக் குடுங்க சாமி, ரோட்டத் தாண்டறதுக்குள்ள உசிரு போயி உசிரு வருதுங்க" என்றார். அதுவரை வரவு செலவுக் கணக்கை வாசித்துக்கொண்டிருந்த கூட்டம் அதன் பிறகு அந்த ஒன்றையே பேசியது. தீர்மானம் நிறைவேறிய சில வாரங்களில் பேருந்து நிறுத்தத்தின் இரு பக்கமும் எல்.இ.டி. விளக்குகள் எரிந்தன. இரவு வேனிலிருந்து இறங்கும் பெண்கள் முன்பெல்லாம் கைப்பேசி வெளிச்சத்தை லாரிகளின் பக்கம் காட்டிக்கொண்டே கடப்பார்கள். இப்போது வண்டியோட்டிக்கு அவர்கள் தொலைவிலேயே தெரிகிறார்கள். ஒரு விளக்கு பழுதானால் மாற்றுவதற்கு இரண்டு வாரம் ஆகிவிடுகிறது என்ற குறை உண்டு. நிறுத்தத்து விளக்கையேனும் மறுநாளே மாற்ற வேண்டும்.

தெற்கு வளைவில் சீமைக்கருவேலம் சாலையின் விளிம்பு வரை அடர்ந்து, எதிரே வருவது எதுவும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மறைத்திருந்தது. ஊராட்சி ஜே.சி.பி. வைத்து அதை வேரோடு அகற்றியது. ஆனால் ஒரு மழை பெய்தால் மீண்டும் தளிர்த்துவிடும் மரம் அது. இரண்டாம் ஆண்டு கவனிக்காமல் விட்டதில் பழைய நிலையே திரும்பியது. ஊரார் கேட்ட பிறகுதான் ஐப்பசி மழைக்கு முன்னும் பின்னுமாக இருமுறை வெட்டும் வழக்கம் வந்தது.

நான் மிகவும் மதிக்கும் பணி மக்காச்சோளம் தொடர்பானது. அறுவடைக் காலத்தில் எங்கள் பகுதியில் தார்ச்சாலைதான் களம். சாலையில் பாதியை அடைத்துச் சோளத்தைப் பரப்பி, வண்டி ஏறாமலிருக்கச் சுற்றிலும் தலையளவு கற்களை வரிசையாக அடுக்கிவிடுவார்கள். இரவில் அந்தக் குவியலின் மேல் கறுப்புத் தார்ப்பாய் விரிக்கப்படும். கறுத்த சாலையில் கறுத்த பாய். வண்டியின் விளக்கொளி கல்லின் மேல் படும்போது பிரேக் பிடிக்க இடமிருக்காது. சோளத்தை அள்ளிய பிறகும் பலர் கற்களை எடுப்பதில்லை. என் அண்டை வீட்டுத் தம்பி அப்படி ஒரு கல்லில் ஏறி விழுந்து, தோள்பட்டை எலும்பு முறிந்து, மூன்று மாதம் வேலைக்குப் போக முடியாமல் இருந்தார்.

இதைத் தண்டத்தாலோ காவல் நிலையப் புகாராலோ தீர்க்க ஊராட்சி முயலவில்லை என்பதைத்தான் நான் பாராட்டுகிறேன். விவசாயிக்குச் சோளம் காய வேண்டும். ஈரம் இருந்தால் வியாபாரி விலையைக் குறைத்துவிடுவார். இதைப் புரிந்துகொண்டு, புறம்போக்கு நிலத்தில் சிமெண்டு உலர்களம் ஒன்றை அமைத்தார்கள். யார் எந்த நாட்களில் பயன்படுத்துவது என்பதை ஊராட்சிச் செயலர் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார். களம் போதாத வாரங்களில் இன்றும் சிலர் சாலைக்கு வருகிறார்கள் என்றாலும், கல்லுக்குப் பதில் சுண்ணாம்பு அடித்த சாக்கு மூட்டைகளை வைக்க வேண்டும் என்ற ஊர்க்கட்டுப்பாடு பெரும்பாலும் கடைப்பிடிக்கப்படுகிறது. இன்னொரு களம் கட்டினால் சாலை முழுமையாக விடுபடும்.

தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி இரவெல்லாம் நடக்கும் பாதயாத்திரை பக்தர்களின் பைகளில் ஒளி பிரதிபலிக்கும் ஸ்டிக்கர் ஒட்டுவதையும், ஊர் எல்லை வரை கூடுதல் குழல்விளக்குகள் கட்டுவதையும் இளைஞர்களோடு சேர்ந்து ஊராட்சி ஆண்டுதோறும் செய்கிறது. ஊராட்சி அலுவலகச் சுவரில் 108 எண்ணோடு, 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கும் என்பதையும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். விழுந்து கிடப்பவரைத் தூக்கினால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டியிருக்குமோ என்ற அச்சம் ஊரில் இன்னும் இருக்கிறது. உதவி செய்பவருக்கு 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் பாதுகாப்பு அளிக்கிறது என்பதையும் அந்தச் சுவரிலேயே சேர்த்து எழுத வேண்டும்.

இனி, ஊராட்சி தடுமாறிய இடம். பள்ளி அருகே ஒரு விபத்தில் முதியவர் ஒருவர் இறந்தபோது ஊர் திரண்டு சாலை மறியல் செய்தது. கோபம் நியாயமானது. பேச்சுவார்த்தையின் முடிவில் அன்று இரவே அவசரமாக ஒரு வேகத்தடை போடப்பட்டது. அதை முன்நின்று போட வைத்தது ஊராட்சிதான். வெள்ளைக் கோடு இல்லை, முன்னறிவிப்புப் பலகை இல்லை, சரிவு என்ற ஒன்றே இல்லாமல் திண்ணைபோல் நிமிர்ந்து நின்றது. மூன்றாம் நாள் விடியற்காலையில் பால் கேன்களோடு வந்த பால்காரர் அதில் மோதித் தூக்கி எறியப்பட்டதை நானே பார்த்தேன். சாலையெங்கும் பால் ஓடியது. நெற்றியில் வழியும் இரத்தத்தைத் துண்டால் அழுத்திக்கொண்டு, அவர் கேன் மூடியைத் தேடிக்கொண்டிருந்தார். சாலைகளுக்கான தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரசின் வழிகாட்டுதலின்படி பொதுப் போக்குவரத்துக்கான வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக, 25 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி தடையின்றி ஏறி இறங்கும்படி வளைந்திருக்க வேண்டும். கறுப்பு வெள்ளைப் பட்டைகள் தீட்டப்பட வேண்டும். தடைக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை நிற்க வேண்டும். எங்கள் ஊரில் போடப்பட்டது இவற்றில் எதற்கும் பொருந்தவில்லை. பிறகு துறையினர் வந்து அதை அகற்றி, வரிசையாகச் சிறு பட்டைகளும் பலகையும் அமைத்த பின்னரே வண்டிகள் வேகத்தைக் குறைக்கத் தொடங்கின. ஓர் உயிரிழப்புக்கு மறுநாள் அமைதியாக இருங்கள் என்று ஊரைக் கேட்க முடியாதுதான். ஆனாலும் பொறியாளர் வந்து அளவெடுக்கும் வரை சாலையோரம் இரும்புத் தடுப்புகளை வைக்கச் சொல்லிக் காவல் துறையிடம் அன்றே கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்காமல் அவசர வேகத்தடையைப் போட வைத்தது ஊராட்சியின் தவறு என்றே கருதுகிறேன்.

துறைகளிடம் விடாமல் தொடர்வதிலும் ஊராட்சி பின்தங்குகிறது. தீர்மானம் நிறைவேறும், நகல் போகும், அதன் பிறகு நினைவூட்டுக் கடிதம் போகாது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. அங்கே எங்கள் தெற்கு வளைவைக் கொண்டுசேர்க்க வேண்டுமானால், எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த வண்டி மோதியது என்ற குறிப்பு கையில் இருக்க வேண்டும். அப்படியொரு பதிவேட்டை ஊராட்சி இன்றுவரை வைத்துக்கொள்ளவில்லை. உலர்களத்துக்கு நோட்டு வைக்கத் தெரிந்த அலுவலகத்துக்கு இது பெரிய சுமையாக இருக்காது.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து நிர்வாகம் தனி அலுவலரிடம் போனபோது இந்தக் குறை இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. பல ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்க்கும் ஓர் அதிகாரிக்குத் தெற்கு வளைவின் கதையை யார் சொல்வது? தலைவரின் நினைவில் இருந்தவை எதுவும் கோப்பில் இல்லை. அந்த ஆண்டு கருவேலம் வெட்டுவதற்கு நாங்கள் 'ஊராட்சி மணி' என்ற ஊராட்சிப் புகார் மையத்தின் எண்ணான 155340-இல் புகார் பதிய வேண்டியதாயிற்று. வெட்டினார்கள், ஆனால் மழை ஓய்ந்த பிறகுதான்.

இப்போது ஊருக்கு முன் இருப்பது பேருந்து நிறுத்தத்தை இடம் மாற்றும் கோரிக்கை. வளைவு முடிந்த உடனே நிறுத்தம் இருப்பதால், நிற்கும் பேருந்தைச் சுற்றிக் கடக்கும் பிள்ளைகள் பின்னால் வரும் வண்டிக்குத் தெரிவதில்லை. நிறுத்தத்தை வடக்கே, பார்வை திறந்திருக்கும் இடத்துக்கு நகர்த்தினால் போதும். தீர்மானத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய்மார்கள் சிலர், கடந்த மாதம் முதல் சாலையில் நடக்கும் ஒவ்வொரு மோதலையும் நாள், நேரம் குறித்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். அக்டோபர் 2 கிராம சபையில் அந்த நோட்டை மேசையின் மேல் வைத்து, ஊராட்சிப் பதிவேடாகவே அதை ஏற்றுக்கொள்ளும்படி கேட்கப்போகிறோம்.