ஆபீஸ்ல குடுத்த வெல்னஸ் ஆப்: கவுன்சிலிங்குக்கு நாலு ஸ்டார், சர்வேக்கு ஒண்ணே ஒண்ணு

எங்க ஹெச்ஆர் எல்லாருக்கும் ஒரு எம்ப்ளாயி வெல்னஸ் ஆப் வாங்கி குடுத்திருக்காங்க. பேர் வேணாம், இந்த மாதிரி ஆப் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சுதான், மூச்சுப்பயிற்சி, தூக்க டிராக்கர், மாசாமாசம் ஒரு சர்வே, கவுன்சிலர் கூட பேசுற வசதி.

மொதல்ல நல்லத சொல்லிடறேன். கவுன்சிலிங் நெஜமாவே நல்லா இருக்கு. எனக்கு கெடச்சவங்க "பாசிட்டிவ்வா இருங்க"ன்னு ஒப்பேத்தல, வேலைய யாரு பிரிச்சு குடுக்கறா, முடியாதுன்னு சொன்னா என்ன ஆகும்னு கேட்டாங்க. என்ன, ஸ்லாட் எல்லாம் ஆபீஸ் நேரத்துல மட்டும்தான், காலண்டர பிளாக் பண்ணா எதுக்குன்னு மேனேஜர் கேப்பாரு.

சர்வேதான் செம கடுப்பு. அனானிமஸ்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு, ஆனா ஆபீஸ் மெயிலுக்கு வர்ற லிங்க்ல போய், எந்த டீம், வயசு என்ன, ஆணா பெண்ணா, எத்தன வருஷ சர்வீஸ்னு எல்லாத்தையும் குடுக்கணும், நாலு பேர் இருக்கற டீம்ல இதுக்கு மேல பேர் வேற எழுதணுமா? அதோட "நீங்க இன்னும் ஃபில் பண்ணல"ன்னு ரிமைண்டர் வருது, நான் யாருன்னே தெரியாதுன்னா அது மட்டும் எப்படிங்க தெரிஞ்சுது? நல்ல டூல்ல பதில் ரொம்ப கம்மியா வந்தா அந்த டீம் ரிசல்ட்ட காட்டாம மறைச்சிருவாங்க, இதுல அப்படி ஒரு வார்த்தை இல்ல. அதனால எல்லாரும் எட்டு, ஒம்போதுன்னு தட்டி விட்டுடறோம், ரிப்போர்ட்ல நாங்க ஒரே சந்தோஷம்.

கேக்கறதும் தண்ணி குடிச்சீங்களா, தூங்கினீங்களா ரகம்தான். அப்ரைசல் நியாயமா நடந்துச்சான்னு ஒரு கேள்வி கூட கெடையாது. பர்ன்அவுட், அதாவது வேலை அழுத்தத்துல மொத்தமா சோர்ந்து போறது, அந்த ஆராய்ச்சில பெரிய பேரான கிறிஸ்டினா மாஸ்லாக்கும் மைக்கேல் லெய்ட்டரும் சொல்ற ஆறு காரணத்துல வேலைப்பளு மாதிரியே நியாயமும் ஒண்ணு. ஆக்ஸ்ஃபோர்ட்ல வில்லியம் ஃபிளெமிங் 2024ல போட்ட ஆய்வுல பிரிட்டன்ல 233 நிறுவனங்கள்ல 46,336 பேரோட சர்வே டேட்டாவ பாத்திருக்காரு, ஆப், ரிலாக்சேஷன் கிளாஸ்னு சேந்தவங்க சேராதவங்கள விட ஒண்ணும் நல்லா இல்ல, வாலண்டியரிங் மட்டும் கொஞ்சம் பரவால்லன்னு வந்திருக்கு.

ரென்யூ பண்ணலாமான்னு கேட்டா கவுன்சிலிங்க மட்டும் வெச்சுக்கிட்டு ஈவ்னிங் ஸ்லாட் வாங்குங்கன்னுதான் சொல்லுவேன். மூச்சுப்பயிற்சிய ஏற்கனவே மியூட் பண்ணியாச்சு, ராத்திரி "ஆழமா மூச்சு விடுங்க"வும் மேனேஜரோட "அர்ஜென்ட், இப்பவே பாருங்க"வும் ஒண்ணா வந்து நிக்குது.