பழைய டெல் பெட்டியில ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்ட் போட்டு ரெண்டரை வருஷம்

ஹட்டன் பக்கத்துல ஒரு தேயிலைத் தோட்டத்துல இருந்துக்கிட்டு கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா வீடியோ எடிட் பண்ணி குடுக்கிறேன். மொத்த வேலையும் ஒரே ஒரு கொம்பியூட்டர்ல தான். 2021 ல செகண்ட் ஹேண்டா வாங்கின டெல் ஒப்டிபிளெக்ஸ் 7010, பெரிய டவர் மொடல், ஐ5 3470, ரேம் 16 ஜிபி. அந்த ப்ரொசெசர் 2012 ல வந்தது, ஆனா பெட்டி நல்ல கட்டுமானம், இன்னைக்கும் ஆட்டம் காணல.

பிரச்சினை கிராபிக்ஸ் தான். உள்ளுக்குள்ளயே வர்ற இன்டெல் எச்டி 2500 வச்சு ஒரு மணி நேர கல்யாண வீடியோவ கலர் எல்லாம் சரி பண்ணி முடிஞ்ச வீடியோவா எக்ஸ்போர்ட் போட்டா 6, 7 மணி நேரம் போகும், ராத்திரி போட்டுட்டு படுத்தா விடியக்காலம் அம்மா மலைக்கு வேலைக்கு கிளம்புற வரைக்கும் ஃபேன் கத்திக்கிட்டே இருக்கும், நடுவுல ஒரு தடவ கரண்ட் போச்சுன்னா திரும்ப முதல்ல இருந்து. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரைக்கும் கரண்ட் கட் பண்ணுன காலத்துல ஒரு வீடியோவ முடிக்க நாலு நாள் ஆச்சு. கல்யாண வீட்டுக்காரங்களுக்கு முகம் குடுக்க முடியல.

அதனால காசு சேத்து 2023 ஆரம்பத்துல முதல் கிராபிக்ஸ் கார்ட் வாங்குனேன், அது தப்பா போயிருச்சு. ஒன்லைன்ல ஒருத்தர் 32,000 ரூபாவுக்கு ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி வித்தாரு. 2022 செப்டம்பர்ல கிராபிக்ஸ் கார்ட் வச்சு எத்தேரியம்ங்கிற டிஜிட்டல் காசு எடுக்கிற மைனிங் நின்ன பிறகு இப்படி கார்டெல்லாம் மலிஞ்சு கிடந்துச்சு, நானும் 8 ஜிபின்ன ஒத்த வார்த்தைய பாத்து வாங்கிட்டேன். அந்த கார்டுக்கு 185 வாட் வேணும், தனியா 8 பின் வயர் வேணும். என் பெட்டியில இருக்கிற பவர் சப்ளை மொத்தமே 275 வாட், 8 பின் கிடையாது. வித்தவரு டிஸ்க்குக்கு போற சாட்டா முனையில இருந்து 8 பின்னுக்கு மாத்துற ஒரு கன்வெர்ட்டர் வயர் குடுத்து இத மாட்டுங்க ஓடும்னாரு. ஓடுச்சு, டெஸ்க்டொப் வர்ற வரைக்கும். எக்ஸ்போர்ட் போட்ட பத்தாவது நிமிஷம் பிளாஸ்டிக் கருகுற வாடை வந்து நானே பிளக்க புடுங்குனேன், வயர் முனை இளகி போயிருந்துச்சு.

இத கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா இன்னும் நிறைய பேரு இந்த வயர வாங்குறாங்க. போர்டுல கார்ட் சொருகுற சொக்கெட் அதிகபட்சம் 75 வாட் தான் குடுக்கும். மிச்ச 110 வாட் வயர் வழியா வரணும். சாட்டா முனை ஒண்ணு தாங்குறது 54 வாட். கணக்கு அங்கேயே முடிஞ்சிருச்சு. லயத்து வீடு பூரா மரக்கூரை, பக்கத்து காம்பிராவுக்கும் நமக்கும் ஒரே சுவரு, ராத்திரி போட்டுட்டு தூங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா இன்னைக்கும் நெஞ்சு பதறுது. தயவு செஞ்சு அந்த வயர் வேணாம். பிறகு சரியான பவர் சப்ளை வச்சிருந்த ஒரு பையனுக்கு விஷயத்த எல்லாம் சொல்லி 24,000 க்கு குடுத்தேன்.

டவுன்ல ரிப்பேர் கடை அண்ணன்கிட்ட அடுத்து என்ன கார்ட் வாங்கலாம்னு கேட்டப்ப அவரு சொன்னது இது தான்: "தம்பி, மொதல்ல பெட்டிய தொறந்து காட்டு, கார்ட பத்தி அப்புறம் பேசலாம்." அவரு தான் ப்ரொசெசருக்கு 77, கார்டுக்கு 75, டிஸ்க்கும் போர்டும் சேத்து ஒரு 50ன்னு எழுதி காட்டுனாரு. 200 சொச்சத்துல நிக்குது, 275 தாங்கும். ஆக தனி வயர் கேக்காத 75 வாட் கார்ட் தான். நான் ஆர்எக்ஸ் 6400 பத்தியும் கேட்டேன், 53 வாட் தானேன்னு. அதுல ரெண்டு குறை இருக்கு, பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 போர்டுல அது நாலு லேன்ல, அதாவது நாலு டேட்டா பாதையில மட்டும் ஓடுறதால வேகம் விழும், அதவிட முக்கியம் எக்ஸ்போர்ட்ட வேகமாக்குற வீடியோ என்கோடரே அதுல இல்ல. கேம் விளையாடுறவங்களுக்கு பரவாயில்ல, என் வேலைக்கு ஆகாது.

2023 ஆகஸ்ட்ல விடியக்காலம் பஸ் ஏறி கொழும்பு போயி பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுல ஏறி இறங்கி, கடைசியில பழைய ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி, 38,000 க்கு மூணு மாச வொரண்டியோட எடுத்தேன். 1650 லயே 6 பின் கேக்கிற மொடலும் உண்டு, படத்த பாத்து வாங்காம கார்டோட மேல் ஓரத்த திருப்பி பாருங்க. வீட்டுல மாட்டுனா திரை கருப்பு. பயோஸ், அதாவது போர்ட எழுப்பி விடுற உள் மென்பொருள், பழசு. கார்ட கழட்டிட்டு பயோஸ் அப்டேட் பண்ணுன பிறகு வந்துச்சு, அந்த அஞ்சு நிமிஷமும் கரண்ட் போயிரக் கூடாதுன்னு முருகன கும்பிட்டுக்கிட்டே இருந்தேன், ஏன்னா நடுவுல போனா போர்டே போயிரும்.

முன்ன 6, 7 மணி நேரம் எடுத்த அதே மாதிரி வீடியோ இப்ப ஒரு மணி நேரத்துக்குள்ள முடியுது. சொந்தக்காரங்க ஐபோன்ல எடுத்து அனுப்புற எச்இவிசின்னு இறுக்கி சுருக்கின கிளிப் முன்ன படம் படமா நின்னு நின்னு ஓடும், இப்ப தண்ணி மாதிரி ஓடுது. ஆனா புது கெமராக்காரங்க குடுக்கிற 10 பிட் 4:2:2ன்னு நிற விவரம் கூடுன கிளிப்ப இந்த கார்ட் தொடாது, அதுக்கு ப்ரொக்ஸி, அதாவது லேசான நகல் பண்ணித்தான் ஆகணும். 4கே டைம்லைன்ல புள்ளி புள்ளியா தெரியிற நொய்ஸ் எடுக்கப் போனா கார்டோட 4 ஜிபி மெமரி பத்தாம எரர் வரும். இன்னொண்ணு, ப்ரொசெசர் 100 சதவீதத்துல நிக்கும்போது கார்ட் 40 சதவீதத்துலயே சும்மா இருக்கிறத அடிக்கடி பாக்குறேன், அதனால இந்த பெட்டிக்கு இதுக்கு மேல பெரிய கார்ட் போட்டு பிரயோசனம் இல்ல.

சூடு பத்தி கவலையே இல்ல, நம்ம குளிருக்கு முழு லோட்லயும் 60 டிகிரி தாண்டுறது அபூர்வம். நம்ம ஊருக்கு எதிரி ஈரமும் புகையும். வைகாசி கடைசியில மழை புடிச்சா புரட்டாசி வரைக்கும் சுவரெல்லாம் வேர்க்கும், மிஷின ரெண்டு வாரம் போடாம வச்சா கார்டோட தங்க முனையில வெள்ளையா பூக்குது. ஒரு தடவ படமே வராம பயந்து போயி கழட்டி, தங்கச்சியோட அழிரப்பர வச்சு முனைய மெதுவா தேச்சு மாட்டுனேன், உடனே வந்துச்சு. இப்ப வேலை இருக்கோ இல்லையோ தினமும் ஒரு மணி நேரம் போட்டு விடுறேன், அந்த சூடே ஈரத்த விரட்டிரும். புகை இன்னும் மோசம். குசினியில விறகடுப்பு, அந்த கரி எண்ணெய் பசையோட ஃபேன்ல ஒட்டிக்குது, ஊதுனா போகாது. ஆறு மாசத்துக்கு ஒருக்கா பிரஷ் வச்சு துடைக்கிறேன், மிஷினையும் இஸ்தோப்பு பக்கத்து அறைக்கு மாத்திட்டேன், அப்புறம் பாதியா குறைஞ்சிருச்சு.

வோல்டேஜ் பிரச்சினையும் உண்டு. சாயங்காலம் எல்லா வீட்டுலயும் ரைஸ் குக்கர், கேத்தல் போட்டா மீட்டர்ல 230 இருக்க வேண்டியது 185 க்கு இறங்குறத நானே அளந்து பாத்தேன். யுபிஎஸ் கத்தும். பெரிய எக்ஸ்போர்ட்டெல்லாம் ராத்திரி 10 மணிக்கு மேல தான். சித்திரையிலயும் ஐப்பசியிலயும் இடி முழங்குனா யுபிஎஸ்ஸ நம்பி இருக்காம பிளக்கையே கழட்டி வச்சிருவேன்.

2025 ஒக்டோபரோட விண்டோஸ் 10 சப்போர்ட் முடிஞ்சிருச்சு, இந்த ப்ரொசெசருக்கு விண்டோஸ் 11 முறையா கிடைக்காது. அதனால வைரஸ் பயத்துல இப்ப இதுல நெட் குடுக்கிறதில்ல, வீடியோவெல்லாம் டிஸ்க்ல தான் போகுது வருது.

தலவாக்கலையில பெரியப்பா மகன் அண்ணனும் போன வாரம் ஒரு 7010 வாங்கியிருக்காரு, அதே 1650 போதுமான்னு கேட்டாரு. போட்டோ அனுப்ப சொன்னேன், பாத்தா அது சின்ன பெட்டி. அதுக்குள்ள என் கார்ட் உயரத்துக்கு நிக்காது, உயரம் குறைஞ்ச லோ ப்ரொபைல் கார்ட் தேடணும். வர்ற ஞாயிறு ஸ்கேலோட போயி உள்ள அளந்துட்டு தான் அவர கொழும்புக்கு அனுப்பணும்.