இரண்டு கணினிகள், பல டிரைவ்கள், ஒரே புகைப்படக் கேட்டலாக்: எந்த ஏற்பாடு தாங்கும்?

புகைப்படங்களைப் பல டிரைவ்களில் பிரித்து வைப்பது எளிது. அவற்றுக்கான கேட்டலாக்கை மேசைக்கணினியிலிருந்தும் மடிக்கணினியிலிருந்தும் மாறி மாறிக் கையாள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. அடோபியின் புகைப்பட மேலாண்மை, திருத்த மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கின் கேட்டலாக் என்பது ஓர் எஸ்கியூலைட் வகைத் தரவுத்தளம். அதற்குள் படங்கள் இருப்பதில்லை. ஒவ்வொரு படமும் எந்த டிரைவில், எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்ற விவரமும், அதற்கு நாம் இட்ட குறிச்சொற்கள், நட்சத்திரங்கள், திருத்தங்கள் ஆகியவையும்தான் இருக்கின்றன. அதை ஒரு நேரத்தில் ஒரு கணினி மட்டுமே திறக்க முடியும்; நெட்வொர்க் டிரைவில் வைத்துத் திறக்க முயன்றால் மென்பொருளே மறுத்துவிடும். ஆகவே கீழ்வரும் ஏற்பாடுகள் ஒவ்வொன்றிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இப்போது கேட்டலாக்கில் எழுதும் உரிமை எந்தக் கணினியிடம் இருக்கிறது, அது மற்றக் கணினிக்கு எப்படித் தெரியவரும்?

வெளிப்புற எஸ்எஸ்டி ஒன்றில் கேட்டலாக்கை வைத்து, அதைக் கணினிக்குக் கணினி மாற்றிச் செருகுவது இந்தக் கேள்விக்கு மிக நேரடியான விடையைத் தருகிறது. கேபிள் எந்தக் கணினியில் இருக்கிறதோ, அதற்குத்தான் உரிமை. அண்மைக்கால வேலைக்கான ரா கோப்புகளையும் (கேமரா பதிவுசெய்த செயலாக்கப்படாத மூலப் படங்கள்) அதே எஸ்எஸ்டியில் வைத்துக்கொண்டு, பழையவற்றைப் பெரிய ஹார்ட் டிரைவுக்கோ, நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்பகமான என்ஏஎஸ்ஸுக்கோ நகர்த்திவிடலாம். நெட்வொர்க்கில் இருக்கக்கூடாது என்ற தடை கேட்டலாக்குக்கு மட்டுமே, படங்களுக்கு அன்று. ஆனால் அந்த நகர்த்தலை லைட்ரூமின் கோப்புறைப் பலகத்திலிருந்தே செய்ய வேண்டும். வெளியே செய்தால், கோப்புறையின் மேல் கேள்விக்குறி தோன்றும். பிறகு அதன் மேல் வலது சொடுக்கிட்டு, காணாமல்போன கோப்புறையை நாமே தேடிக் காட்ட வேண்டியிருக்கும். விண்டோஸ் கணினிகளில் இதே தொல்லை இன்னொரு வழியாகவும் வரக்கூடும்: ஒரு கணினியில் 'ஈ' என்ற எழுத்தைப் பெற்ற டிரைவ், மற்றொன்றில் 'எஃப்' ஆகிவிடலாம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இரண்டு கணினிகளிலும் ஒரே எழுத்தை, அதுவும் வேறெதுவும் எளிதில் எடுத்துக்கொள்ளாத, ஆங்கில அகரவரிசையின் இறுதிப் பகுதி எழுத்து ஒன்றை, நிலையாக ஒதுக்கிவிட்டால் போதும்.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் காப்புப்பிரதியில் இருக்கிறது. லைட்ரூமை மூடும்போது எடுக்கப்படும் காப்புப்பிரதி, நாம் மாற்றாத வரையில், கேட்டலாக் இருக்கும் கோப்புறைக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது. எஸ்எஸ்டி தொலைந்தால் இரண்டும் சேர்ந்தே தொலையும். காப்புப்பிரதிக்கான இடத்தைக் கணினியின் உள் டிரைவுக்கு மாற்ற வேண்டும். அந்தப் பிரதியில் படங்கள் அடங்காது என்பதால், அவற்றுக்குத் தனி ஏற்பாடும் வேண்டும். விண்டோஸும் மேக்கும் கலந்து பயன்படுத்துவோர் எஸ்எஸ்டியை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்கிறார்கள். இரண்டிலும் எழுத முடியும் என்பது அதன் வசதி, மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னலிங் இல்லாததால் எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் சேதமடைய வாய்ப்பு அதிகம் என்பது அதன் விலை. மேக் மட்டும் வைத்திருப்பவர்கள் ஆப்பிளின் ஏபிஎஃப்எஸ் முறையிலேயே இருந்துவிடலாம்.

இதற்கு நேர்ப் போட்டி, டிராப்பாக்ஸ் போன்ற ஒத்திசைவுக் கோப்புறைக்குள் கேட்டலாக்கை வைப்பது. எதையும் கையில் எடுத்துச் செல்ல வேண்டியதில்லை என்பதால் இது கவர்ச்சியாகத் தோன்றுகிறது. ஒழுங்கு தவறாதவர்களுக்கு இது நன்றாகவே நடக்கவும் செய்கிறது. ஆனால் இங்கே எழுதும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை இணைய வேகம் தீர்மானிக்கிறது. மேசைக்கணினியில் லைட்ரூமை மூடியதும், மாறிய கேட்டலாக் முழுவதும் மேலேறி முடிவதற்குள் மடிக்கணினியில் பழைய பிரதியைத் திறந்து நான்கு படங்களைத் திருத்திவிட்டால், ஒத்திசைவுச் சேவை இரண்டையும் இணைக்காது. முரண்பட்ட பிரதி என்று பெயரிட்டு இன்னொரு கோப்பை உருவாக்கி வைக்கும். எந்தத் திருத்தம் எதில் இருக்கிறது என்பதை அதன் பிறகு நாம்தான் தேட வேண்டும். கேட்டலாக் திறந்திருக்கும்போது உருவாகும் பூட்டுக் கோப்பும் ஒத்திசைவில் சென்று சேரும் என்றாலும், அது சேரும் வரை பாதுகாப்பு இல்லை. மேலும், கேட்டலாக் என்பது ஒற்றைக் கோப்பு அன்று. 2021 அக்டோபரில் வந்த 11ஆம் பதிப்பு முதல் மாஸ்க் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்தத் தேர்ந்தெடுப்பது) விவரங்களுக்கென ஒரு தரவுக் கோப்புறை உடன் இருக்கிறது; முன்னோட்டப் படங்களோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள். இவற்றில் பாதி வந்து பாதி வராத நிலையில் திறப்பதே பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம்.

இவ்விரண்டில், தனியாளாகப் பணிபுரிபவருக்கு எஸ்எஸ்டியையே பரிந்துரைப்பேன். ஒத்திசைவுக் கோப்புறையின் உண்மையான பலன் ஸ்மார்ட் பிரிவியூவில் இருக்கிறது; அந்தப் பலனை எஸ்எஸ்டியிலும் பெறலாம். நீள்பக்கம் 2560 பிக்சல் கொண்ட இந்தச் சிறு டிஎன்ஜி (அடோபியின் ரா கோப்பு வடிவம்) பிரதிகளைக் கேட்டலாக்கோடு வைத்திருந்தால், மூலப் படங்களுள்ள டிரைவ் அருகில் இல்லாதபோதும் திருத்தலாம்; டிரைவ் மீண்டும் இணைந்ததும் அத்திருத்தங்கள் மூலப் படங்களுக்கே பொருந்திக்கொள்ளும். நூறு சதவீத அளவில் கூர்மையைச் சரிபார்ப்பதற்கும் முழு அளவில் ஏற்றுமதி செய்வதற்கும் மூலப் படம் தேவை.

மூன்றாவது வழி, அடோபி 2017இல் கிளாசிக்கிலிருந்து தனியாகப் பிரித்த மேகக்கணி லைட்ரூம். எத்தனை கணினிகள் இருந்தாலும் முரண்பட்ட பிரதி என்ற பேச்சே பெரும்பாலும் எழாது, ஏனெனில் மூலப் பதிவு சர்வரில் இருக்கிறது. ஆயினும் மூலப் படங்கள் அனைத்தும் மேலேற வேண்டும். ரா கோப்பு ஒன்று 25 எம்பி என்று கொண்டால், 40,000 படங்களுக்கே 1 டிபி நிரம்பிவிடும். கிளாசிக்கை வைத்துக்கொண்டே சில தொகுப்புகளை மட்டும் மேகத்தோடு இணைக்கும் நடுவழியும் உண்டு. அதில் ஏறுவது ஸ்மார்ட் பிரிவியூ மட்டுமே, அது இட ஒதுக்கீட்டிலும் கணக்காகாது. ஆனால் ஒரு கேட்டலாக்கை மட்டுமே அவ்வாறு இணைக்க முடியும், குறிச்சொற்கள் மேகத்துக்குச் செல்வதில்லை. குறிச்சொற்களை நம்பித் தேடுபவர்கள் இந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

நான்காவது வழியாக, திருத்தங்களையும் குறிச்சொற்களையும் பதிவுசெய்யும் சிறு எக்ஸ்எம்பி துணைக்கோப்புகளை நம்பும் முறையில், ஒவ்வொரு கணினியிலும் தனித்தனிக் கேட்டலாக் இருக்கும். திருத்தங்கள் படத்தின் பக்கத்திலேயே எழுதப்பட்டுப் படத்தோடு பயணிக்கும். லைட்ரூமில் இதற்கான தானியங்கி எழுதுதலை நாமே இயக்க வேண்டும். இலவச மென்பொருளான டார்க்டேபிளில் அது இயல்பிலேயே இயங்குகிறது. தொகுப்புகள், மெய்நிகர் பிரதிகள் (ஒரே படத்தின் வேறு திருத்த வடிவங்கள்), அடுக்குகள் ஆகியவை லைட்ரூமின் எக்ஸ்எம்பியில் ஏறுவதில்லை என்பதால், இதைக் கேட்டலாக்குக்கு மாற்றாகக் கருதாமல், கேட்டலாக் கெட்டால் திருத்தங்களையாவது மீட்டெடுக்க உதவும் காப்பாகக் கருதுவதே பொருத்தம்.

இன்னொரு இலவசப் புகைப்பட மேலாண்மை மென்பொருளான டிஜிகாம், கேட்டலாக்கை மரியாடிபி என்ற தரவுத்தள சர்வரில் வைக்க இடமளிக்கிறது. சர்வரைப் பராமரிக்கத் தெரிந்தவருக்கு இது சுத்தமான தீர்வு. மற்றவர்களுக்குக் கூடுதல் சுமை.

இரண்டு பேர் ஒரே தொகுப்பில் பணிபுரியும் நிலையில், மேலே சொன்ன எஸ்எஸ்டி ஏற்பாடும் போதாது. அப்போது ஒருவரைத் தலைமைக் கேட்டலாக்குக்குப் பொறுப்பாக்கிவிட்டு, மற்றவருக்கு வேண்டிய கோப்புறையை மட்டும் ஸ்மார்ட் பிரிவியூக்களோடு தனிக் கேட்டலாக்காக ஏற்றுமதி செய்து கொடுக்கலாம். திரும்பி வரும்போது, 'மற்றொரு கேட்டலாக்கிலிருந்து இறக்குமதி' என்ற கட்டளையில், ஏற்கெனவே உள்ள படங்களுக்கு மெட்டாடேட்டாவையும் (குறிச்சொற்கள், நட்சத்திரங்கள் போன்ற விவரங்கள்) திருத்த அமைப்புகளையும் மட்டும் மாற்றும் விருப்பத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய அமைப்பை மெய்நிகர் பிரதியாக வைத்துக்கொள்ளும் பெட்டியிலும் குறியிட்டுவிட்டால், இருவரும் ஒரே படத்தைத் திருத்தியிருந்தாலும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்து ஒன்றை நீக்கலாம்.