மாரிஸின் இரண்டு பறவைத் துணிகள்

ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் 1878-இல் வடிவமைத்த 'பேர்ட்' கம்பளி நெசவு. பறவையும் இலையும் தறியிலேயே உருவானவை. துணி கனமாக மடிந்து தொங்கும். லண்டன் ஹேமர்ஸ்மித்தில் தன் வீட்டு வரவேற்பறைச் சுவர்களில் அவர் தொங்கவிட்டது இதைத்தான்.

1883-இன் 'ஸ்ட்ராபெரி தீஃப்' (ஸ்ட்ராபெரி திருடன்) அச்சிட்ட பருத்தி. அவருடைய கிராமத்து வீடான கெல்ம்ஸ்காட்டின் தோட்டத்தில் பழம் திருடிய த்ரஷ் பறவைகள்தான் இதில் நாயகர்கள். ஒரு ஜோடியின் அலகில் பழம். இன்னொரு ஜோடி ஒன்றும் தெரியாததுபோல வாயைத் திறந்து பாடுகிறது! அன்று முதலில் துணி முழுக்க அவுரி நீலம் ஏற்றுவார்கள். அப்புறம் வேண்டிய இடத்தில் அதை வெளுத்து, சிவப்பும் மஞ்சளும் சேர்ப்பார்கள். நாள்கணக்கில் இழுக்கும் வேலை, விலையும் அதிகம்.

குளிர் நாட்டுச் சுவருக்கு 'பேர்ட்' சரி. பக்கத்தில் போய்ப் பார்க்க எனக்குத் திருடன்தான் பிடிக்கும்.