கிட்னியில் கால்சியம்: முதலில் அல்ட்ராசவுண்டா, சிடியா?

கிட்னிக் கல் வலியில் விலாவைப் பிடித்துக்கொண்டு டாக்டர் முன்னால் போய் நின்றால், பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட், சிடி ஸ்கேன் இரண்டில் ஒன்றைத்தான் எழுதித் தருவார். எனக்கு இரண்டும் எடுத்தாயிற்று.

அல்ட்ராசவுண்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு, மூத்திரம் முட்ட முட்ட வராந்தா பெஞ்சில் காலை மாற்றிப் போட்டபடி உட்கார வேண்டும். அப்புறம் வயிற்றில் சில்லென்று ஜெல். திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி, அதன் பின்னால் வால் மாதிரி கறுப்பு நிழல். அந்த நிழல்தான் கல்லைக் காட்டிக்கொடுக்கும். கதிர்வீச்சு இல்லை, செலவும் குறைவு. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் முதலில் இதுதான். ஆனால் கிட்னியிலிருந்து மூத்திரப் பைக்குப் போகும் சிறுநீர்க்குழாயின் நடுவில் இறங்கிவிட்ட கல்லைக் குடல் வாயு மறைத்துவிடும். அளவையும் கொஞ்சம் கூட்டிச் சொல்லும். எனக்கு இதில் 7 மி.மீ. என்று வந்த கல், சிடியில் 5 ஆனது. சின்ன வித்தியாசம்தானே என்று விட முடியாது, 5 மி.மீ. வரை உள்ள கல் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும்.

சிடியில் கிட்டத்தட்ட எந்தக் கல்லும் தப்பாது, படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் ஊசி மருந்தும் வேண்டாம். கல்லின் அடர்த்தியும் தெரியும்: யூரிக் அமிலக் கல் பெரும்பாலும் 500 ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு (சிடியில் அடர்த்தியை அளக்கும் அலகு) கீழே இருக்கும். 1000-ஐத் தாண்டினால் உடம்புக்கு வெளியிலிருந்து அதிர்வலை செலுத்தி உடைப்பது கடினம். கதிர்வீச்சுதான் உறுத்தல். அடிக்கடி கல் வருகிறவர்கள் குறைந்த கதிர் சிடி உண்டா என்று கேட்கலாம்.

அமெரிக்காவில் 15 அவசரப் பிரிவுகளில் 2,759 பேரிடம் நடந்த ஆய்வு 2014-இல் வெளியானது. அல்ட்ராசவுண்டில் தொடங்கியதால் ஆபத்து கூடவில்லை. சிலருக்குப் பிறகு சிடி தேவைப்பட்டது, அவ்வளவுதான். என் ஓட்டும் அல்ட்ராசவுண்டுக்கே. வலியோடு காய்ச்சலும் இருந்தால் எது முதலில் என்று யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ரிப்போர்ட்டில் ‘நெஃப்ரோகால்சினோசிஸ்’ என்றிருந்தால் கதை வேறு. கால்சியம் கல்லாக உருளாமல் கிட்னித் திசுவிலேயே படிந்திருக்கிறது. ஏன் படிந்தது என்று இரண்டு ஸ்கேனும் சொல்லாது. ரத்தத்தில் கால்சியம், அமில நிலையைக் காட்டும் பைகார்பனேட், கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோன், அதோடு 24 மணி நேர மூத்திரம் பார்க்க வேண்டும். பெரிய கேனோடு ஒரு நாள் வீட்டிலேயே அடைபட வேண்டியதுதான். பாராதைராய்டு கட்டி என்றால் அறுவை சிகிச்சை, சிறுநீரகக் குழல் அமிலக் கோளாறு (கிட்னி அமிலத்தைச் சரியாக வெளியேற்றாத நிலை) என்றால் பொட்டாசியம் சிட்ரேட் என்று வழி பிரிவது இங்கேதான்.

நடுவில், கால்சியம் இருக்கிறதே என்று வீட்டில் மோரை நிறுத்திவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் நிறுத்தினார்கள். சாப்பாட்டில் கால்சியம் குறைந்தால் அதே சாப்பாட்டில் இருக்கும் ஆக்சலேட் என்ற பொருளைக் குடல் இன்னும் அதிகமாக உறிஞ்சும். கால்சியம் ஆக்சலேட் கல்லுக்கு அதுவே தீனி. டாக்டர் சொன்ன பிறகுதான் மோர் திரும்பி வந்தது, உப்பு பாதியாக.