‘5 மீட்டர் வரை சோதித்தது’ என்று விற்ற உருளை ஒரு மீட்டரிலேயே தண்ணீர் குடித்த கதை

ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி நீர்மூழ்கி கட்டுகிறவர்கள் யாராவது, உள்ளே எல்லாம் பூட்டித் தயாராக வரும் நீர்புகா உருளையை வாங்க நினைத்திருந்தால், கொஞ்சம் பொறுங்கள். நான் வாங்கி நொந்தவன்.

வெளிக்கூட்டை நானே ஃபைபர்கிளாஸில் செய்தேன். அதற்குள் தண்ணீர் தாராளமாகப் போய்வரலாம். பேட்டரி, ரிசீவர், சர்வோ (சுக்கானைத் திருப்பும் குட்டி மோட்டார்), மோட்டார் இருக்கும் அக்ரிலிக் உருளை மட்டும்தான் நனையக் கூடாது. அதன் மூடியில் ஓ-ரிங் (தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம்) உட்காரும் பள்ளத்தைத் துல்லியமாகக் கடைய லேத் வேண்டும். என்னிடம் இல்லை. அதனால் ரிமோட்டோடு சேர்த்து ‘முழு செட்’ என்று ஒருவர் விற்றதை வாங்கினேன்.

பெட்டியிலிருந்து எடுத்து மூடியைத் திறந்ததும் வினிகர் வாடை குப்பென்று அடித்தது. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். அந்த வாடை வரும் சிலிக்கான் பசை காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். மூடிய உருளைக்குள் அந்த ஆவி போக வழியில்லாமல் செம்புக் கம்பிகளை அரிக்கும். மின்னணுப் பொருள் இருக்கும் இடத்தில் அமிலம் விடாத வகைப் பசையைத்தான் பூச வேண்டும். புதுப் பொருள் வாசம் என்று நினைத்துவிட்டேன்!

மேல்மட்டத்தில் படகு அருமையாக ஓடியது. பேலஸ்ட் தொட்டியை (படகு மூழ்கத் தண்ணீர் ஏற்றும் தொட்டி) நிரப்பி, மூக்கைக் கீழே சாய்த்தேன். ஆன்டெனா தண்ணீருக்குள் போன கொஞ்ச நேரத்தில் கட்டுப்பாடு போய்விட்டது. செட்டோடு வந்தது 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட். அந்த அலையைத் தண்ணீர் சட்டென்று விழுங்கிவிடும். இதனால்தான் நீர்மூழ்கிக்காரர்கள் இன்னும் 27, 40, 75 மெகாஹெர்ட்ஸ் என்று பழைய அலைவரிசைகளைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் (அவையும் உப்புத் தண்ணீரில் திணறும்). சிக்னல் போனால் தொட்டியைக் காலி செய்து மேலே வரவைக்கும் ஃபெயில்சேஃப் அமைப்பு இருப்பதாக விற்றவர் சொல்லியிருந்தார். இல்லை. ரிசீவர் கடைசியாகக் கேட்ட கட்டளையையே பிடித்துக்கொண்டது. படகு மூக்கு சாய்ந்தபடியே போய் ஒரு மீட்டர் ஆழத்தில் தரையில் முட்டி, புரொப்பெல்லர் சுற்றச் சுற்றக் கிடந்தது. நான் குதித்து எடுப்பதற்குள் 20 நிமிடம் ஆகிவிட்டது.

திறந்து பார்த்தால் ஒரு டம்ளர் தண்ணீர். ஸ்பீடு கண்ட்ரோலர் கருகியிருந்தது, லித்தியம் பேட்டரி உப்பியிருந்தது. புரொப்பெல்லரைச் சுற்றும் ஷாஃப்டைக் கழற்றினேன். சீல் என்று ஒன்றுமே இல்லை, பித்தளைக் குழாயில் கிரீஸை அடைத்திருக்கிறார், அவ்வளவுதான். மேலே மிதக்கும் படகுக்கு அது போதும், குழாயின் உள்முனையை நீர்மட்டத்துக்கு மேலே வைத்துவிடலாம். மூழ்கும் படகில் தண்ணீர் அந்தக் கிரீஸைத் தள்ளிக்கொண்டே உள்ளே வரும். ஓ-ரிங் பள்ளத்திலும் குறுக்கே ஒரு கீறல்.

விற்றவரிடம் கேட்டேன். “நீங்க மூடியத் திறந்துட்டீங்க சார், இனி உத்தரவாதம் கிடையாது” என்றார். மூடியைத் திறக்காமல் பேட்டரியை எப்படிச் சார்ஜ் செய்வது என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

ஒரு தப்பு என்மேலும் உண்டு. வெயிலில் வைத்து மூடியை அடைத்தேன். உள்ளே 45 டிகிரியில் இருந்த காற்று தண்ணீரில் 25 டிகிரிக்குக் குளிர்ந்தால் அழுத்தம் 6 சதவீதம் குறையும். படகு கூடுதலாக 60 சென்டிமீட்டர் ஆழத்தில் இருப்பதற்குச் சமம் அது. ஆனாலும் 5 மீட்டர் தாங்கும் என்று சொன்ன உருளைக்கு இது ஒரு பொருட்டா?

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், ‘வாட்டர்ப்ரூஃப்’ என்ற வார்த்தையை விட்டுவிட்டு எப்படிச் சோதித்தார்கள் என்று கேளுங்கள். ஒரு மீட்டர் ஆழத்திலேயே 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியை ஏறக்குறைய 8 கிலோ எடை அழுத்தும். 5 மீட்டரில் 40 கிலோ. கையால் இழுக்கும் வெற்றிடப் பம்பை மாட்டி உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு, மோட்டார் சுற்றும்போதே அழுத்தமானியின் முள் அசையாமல் நிற்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். உள்ளே காற்றடித்துக் குமிழி பார்ப்பது மூடிக்குச் சரி. ஷாஃப்டில் போடும் உதடு வைத்த சீல் (ரப்பர் விளிம்பு ஷாஃப்டைக் கவ்வும் வகை) வெளியிலிருந்து வரும் அழுத்தத்துக்குத்தான் இறுகும், உள்ளே காற்றடித்தால் நல்ல சீலும் கசிவது போலக் காட்டும்.

அந்த 5 மீட்டர் சோதனைக்கு ஆதாரம் கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு படம் அனுப்பினார். வாளித் தண்ணீரில் உருளை மிதந்துகொண்டிருக்கிறது. ஷாஃப்ட் இன்னும் மாட்டவே இல்லை, அந்த ஓட்டையில் ஒரு துண்டு டேப்.